நடுவில் நின்ற குரல்

இப்போதெல்லாம் வேலைக்கு வருகிறவன் எவனும் வேலையை முடித்துவிட்டுப் போவதில்லை. பாதியில் போன் வரும். காதில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போவான். அப்புறம் வண்டிச் சத்தம் கேட்கும், ஆள் இருக்கமாட்டான். ரேடியோ ரிப்பேர்காரனும் அப்படித்தான். ஆம்ப்ளிஃபயரைச் சரிபண்ணிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான். இடதுபக்க ஸ்பீக்கர் பெட்டிக்கு மட்டும் கம்பி கொடுத்தான். "இன்னொண்ணு நாளைக்கு வந்து குடுக்கறேன் பெரியவரே" என்றான். போய்விட்டான்.

வலதுபக்கப் பெட்டி கம்பியில்லாமல் சுவரோரம் நின்றது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் முன்துணி லேசாக உப்பியது, லேசாக உள்ளே போனது. தூங்குகிறவன் வயிறு மாதிரி. விசிறிக் காற்றுதான் என்று எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார். துணி இன்னொருதடவை உப்பிவிட்டு அடங்கியது. ஜன்னல் காற்றாயிருக்கும்.

மகள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அதுல கை வெக்காதீங்க. அவர் வந்து மாட்டித் தருவாரு."

"உம்புருசனா? ஒரு பல்பு மாட்ட ரெண்டு பேரை ஸ்டூல் புடிக்கச் சொல்றவரு."

"இன்னிக்கே கேட்டாகணுமாக்கும்? அம்மா எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பையின் வாரைச் சும்மா சரிசெய்தாள். "எனக்கும் கேக்கணும்பா. நான் வந்தப்புறம் சேந்து கேக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் முகம் போட்டோவில் இருக்கிறது. சேலைகள் பீரோவில் இருக்கின்றன. குரல்தான் நழுவிக்கொண்டிருந்தது. போனவாரம் படுத்தபடியே அவள் கூப்பிடுகிற மாதிரி மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். செய்தி வாசிக்கிற யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது. விதிர்விதிர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தார். அவள் பேசினது இருக்கிற கேசட் ஒன்றே ஒன்றுதான். டேப் வாங்கின புதிதில், சரியாகப் பதிகிறதா என்று பார்க்க அவளைப் பேசச் சொன்னது. இடதுபக்கப் பெட்டியில் மட்டும் போட்டுப் பார்த்தார். யாரோ அடித்து மூலையில் நிறுத்தின மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவளை அப்படி விட்டுவைக்க அவருக்கு மனசில்லை.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். ரிப்பேர்காரன் விட்டுப்போன கம்பியை எடுத்து, கத்தியால் அதன் தோலைச் சீவி, செம்பு இழைகளை விரலால் முறுக்கினார். பஸ் ஓட்டின கை. பிடி இன்னும் விடவில்லை. பெட்டியின் முதுகில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு பிடிகள், இடுக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அமுக்கிச் செருகிவிட்டு வந்து கேசட்டைப் போட்டார்.

சத்தம் கெட்டுப்போயிருந்தது. இரண்டு பெட்டியும் பேசின. அவள் மட்டும் ஓரிடத்தில் இல்லை. தலைக்குப் பின்னால், கூரைக்குக் கீழே, அடுத்த அறையில், எங்கெங்கோ சிதறி, கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி கேட்டாள்.

ரிப்பேர்காரனுக்குப் போன் போட்டார்.

"சிவப்பும் கறுப்பும் மாத்திக் குடுத்திருப்பீங்க. ஒரு பெட்டி தள்றப்ப இன்னொண்ணு இழுக்குது. ஒண்ணோட சத்தத்தை ஒண்ணு தின்னுரும். ஒரு பெட்டியில மட்டும் திருப்பிப் போடுங்க, ஆளு கரெக்டா நடுவுல வந்து நிப்பாங்க."

"ஆளா?"

"குரலு, பெரியவரே. நெசமா அங்க ஒண்ணும் கெடையாது. ரெண்டு காதும் சேந்து ஏமாறுது, அவ்வளவுதான்."

"நானா ஏமாறுறவன்?" என்று போனை வைத்தார்.

திருப்பிப் போட்டார். நாற்காலியை இரண்டு பெட்டிக்கும் சரிநடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெளியே வெயில் இறங்கி, சுவர் பழுப்பாகிக்கொண்டிருந்தது. டேப் கரகரத்தது.

"பேசவா? ஓடுதா, இல்ல சும்மா சுத்துதா?"

பெட்டிகளிலிருந்து வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், ஒரு பெண்பிள்ளை நிற்கிற உயரத்தில், அவருக்குக் கை எட்டாத ஒரு தூரத்தில் வந்தது. எச்சில் விழுங்கினது கேட்டது. வளையல் உரசினது கேட்டது.

"என்னத்தப் பேச? எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுக்காரரு பகல்ல மட்டுமில்ல, ராத்திரி பூராவும் மூக்காலயே பஸ்ஸு ஓட்டுறாரு. நான் டிக்கெட்டு வாங்காம பக்கத்துலயே படுத்திருக்கேன்." ஒரு சிரிப்பு. "போதுமா? அடுப்புல பால் இருக்கு, விடுங்க."

அவர் அழுதார். துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் யாருக்கும் கேட்காமல் அழுதார். டேப் முடிந்து பொத்தான் டக்கென்று மேலே வந்தது. கரகரப்பு நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

நடுவில், அதே இடத்தில், யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணி மக்கின வாடை அறைக்குள் வந்தது. அவர் துண்டை இறக்கினார்.

"என்னங்க."

கேசட்டில் இது கிடையாது. மனப்பாடமாகத் தெரியும்.

"இருக்கீங்களா? ரொம்ப இருட்டா இருக்கு. கையைப் புடிங்களேன்."

எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். சிவப்பு விளக்கு மங்கி, புள்ளியாகி, செத்தது.

"அணைச்சுட்டீங்களா? ஏன்?"

வலதுபக்கக் கம்பியைப் பிடுங்கினார். ஒரு பெட்டியை எடுத்துவிட்டால் குரல் மற்றப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். போகவில்லை. நடுவிலேயே நின்றது. இடதுபக்கக் கம்பியையும் பிடுங்கினார். நடுவிலேயே நின்றது. கம்பிகளைக் கையில் சுருட்டிக்கொண்டு, அந்த வெற்று இடத்தைப் பார்த்தபடி சுவரோடு ஒட்டி நின்றார். அங்கே பழுப்புச் சுவர் தெரிந்தது. சுவர் மட்டும்தான்.

"யாரு நீ?"

"என்ன கேள்வி இது? நாந்தான்."

"அவதான்னா சொல்லு. நம்ம பொண்ணு பொறந்தன்னிக்கு நான் உனக்கு என்ன கொண்டாந்தேன்?"

வெகுநேரம் மூச்சு மட்டும். அவள் யோசிப்பதை அவரால் கேட்க முடிந்தது. யோசிக்கும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள், அந்தச் சின்ன ஈரச் சத்தம்கூட அப்படியே. சொல்லிவிடு. ஒரு வார்த்தை. மல்லிப்பூ என்று சொல், உள்ளே வந்து உட்கார்ந்துகொள், நான் எதுவும் கேட்கமாட்டேன்.

"தெரியலைங்க" என்றது. "நமக்குப் பொண்ணு இருக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. இங்க எதுவும் கையில நிக்க மாட்டேங்குது. ஒண்ணொண்ணா உருவிட்டுப் போகுது. உங்க சத்தம் மட்டும் கேட்டுச்சு, அதைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். பேசிட்டே இருங்க. பேசினா இருப்பேன்."

ஆஸ்பத்திரியில் குழாய் செருகியிருந்த கடைசி நாட்களில்கூட அவள் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இது கெஞ்சுகிறது. பெற்ற பிள்ளை தெரியாத தாய் உண்டா? எதுவோ அவள் குரலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஏமாறமாட்டேன். வாய்வரை வந்த பதிலை விழுங்கினார்.

"ஏதாவது பேசுங்க."

பேசவில்லை.

"திட்டவாவது செய்யுங்க."

செருப்பைக்கூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஆட்கள் போனார்கள், வந்தார்கள். கையில் கம்பிச் சுருள் இருப்பதைப் பார்த்து அதைக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். நடந்தார். பத்து வீடு தாண்டிவிட்டால் கேட்காது.

கேட்டது. பின்னாலிருந்து இல்லை. முன்னால், இரண்டு காதுக்கும் சரிநடுவில், கை எட்டாத அதே தூரத்தில்.

"என்னங்க. என்னங்க."

தலையை இடதுபக்கம் திருப்பினார். அதுவும் திரும்பியது. வேகமாக நடந்தார். தூரம் கூடவில்லை. குறையவில்லை. குரல்தான் மெலிந்தது. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழுந்தது. எதிரே வந்தவர்கள் அவரைத் தாண்டிப்போனார்கள், அவள் நிற்க வேண்டிய இடத்தினூடாகவே.

அப்புறம் ஒரு கணம் ஒன்றுமில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

"ஐயா."

இதுவரை அவரிடம் அவள் பேசியிராத தொனி. பஸ் நிலையத்தில் வழி கேட்கிற ஒரு பொம்பளையின் தொனி. மரியாதையும் பயமும்.

"ஐயா, யாருங்க அங்க நடக்கறது? எங்க வீட்டுக்காரரு இங்கதான் இருந்தாருங்க. ஒரு சத்தம் குடுக்கச் சொல்றீங்களா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அது அவளில்லை. அவளாக இருக்க முடியாது. நடையைக் கூட்டினார்.

"ஐயா, நீங்களாவது நில்லுங்களேன்."

நடந்தார்.