உடைந்த வடையும் சைபர் பெட்டியும்

பர்ஹீனுக்கும் ஸ்ரீவர்ஷினிக்கும் அந்தப் பெட்டியின் மேல் கோபம் கோபமாக வந்தது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. அதன் அளவைக் காட்ட வேண்டிய பெட்டியோ 0 என்று காட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சமையலறைச் சுவரில் தொங்குகிறது.

"நேத்து தொட்டி ரொம்பி வழிஞ்சப்போ நூறு காட்டுச்சி. ஒரே ஒரு அண்டா தண்ணி எடுத்தேன், சைபராயிடுச்சி. மிச்சத்தை நானா குடிச்சேன்?" என்று சிரித்தார் ஸ்ரீவர்ஷினியின் அப்பா நாராயணசுவாமி.

அவர் திருத்தணி மலைக்கோயிலுக்குச் சமைப்பவர். மலையடிவாரத்து வீட்டில்தான் வடையெல்லாம் தயாராகும். மறுநாள் ஆடிக் கிருத்திகை. தண்ணீர் தீர்ந்துபோனால் வேலை அப்படியே நின்றுவிடும்.

சிரித்துக்கொண்டே அவர் ஏணியை எடுத்துச் சாய்த்தார். ஸ்ரீவர்ஷினியின் முகம் வாடிவிட்டது. போன வாரம் தொட்டியை எட்டிப் பார்க்க ஏறியவர் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அப்பா இனி ஏறவே கூடாது என்றுதான் தோழிகள் இருவரும் இந்தப் பெட்டியைச் செய்தார்கள்.

பர்ஹீனின் அப்பா நஜீர் அகமது பைக் மெக்கானிக். பழைய பைக்கின் பெட்ரோல் டேங்க் மிதவையை அவர்தான் கொடுத்தார். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் மின்னழுத்தம் ஏறும். பெட்டிக்குள் இருக்கும் போர்டு அதை 0 முதல் 4095 வரை ஓர் எண்ணாக மாற்றும். அதை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்ட வேண்டும். அதற்கு 'சி' என்ற கணினி மொழியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: எண்ணை 4095-ஆல் வகு, பிறகு நூறால் பெருக்கு.

தாளில் போட்டால் கணக்கு சரியாக வருகிறது. பெட்டியில்தான் வரவில்லை.

"ஏறாதீங்க மாமா! கொஞ்சம் பொறுங்க!" என்றாள் பர்ஹீன்.

"அடுப்பு எரிஞ்சிகினு இருக்குதும்மா. இந்த வடையைப் பிரிச்சி வைக்கறதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா ஏறிடுவேன்."

நாராயணசுவாமி உட்கார்ந்தார். முழு வடை தட்டுக்குப் போனது. ஓரம் உடைந்தது கூடைக்குப் போனது. துளி விண்டிருந்தாலும் கூடைதான்.

"இது முக்காவாசி நல்லாத்தானே இருக்குது மாமா?"

"சாமிக்கு முழுசுதாம்மா. உடைஞ்சது கணக்குல வராது."

பர்ஹீன் கூடையையே பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள்.

"வர்ஷினி! நம்ம போர்டை முழு எண் மட்டும் வெச்சிக்கச் சொல்லியிருக்கோம் இல்ல?"

"ஆங். அதுக்கென்ன?"

"தொட்டி ரொம்பலன்னா எண் 4095-ஐ விடக் கம்மி. அதை 4095-ஆல வகுத்தா?"

"ஒண்ணுக்குக் கம்மியா வரும். அரை, முக்கால்..."

"எல்லாம் உடைஞ்ச வடை! பெட்டி அதைத் தூக்கிக் கூடையில போட்டுடுது. தட்டுல மிச்சம் சைபர். சைபரை நூறால பெருக்கினா?"

"சைபர்தான்!" ஸ்ரீவர்ஷினி தலையில் தட்டிக்கொண்டாள். "அப்போ முதல்ல நூறால பெருக்கிடலாம். அப்புறமா வகுக்கலாம்!"

லேப்டாப்பில் அந்த ஒரு வரியை மாற்றிப் பெட்டியில் ஏற்றினார்கள். நாராயணசுவாமி கடைசி வடையைப் போட்டுவிட்டு ஏணியில் கை வைத்தார்.

பெட்டியில் 63 வந்தது.

"நெசமா?" அவருக்குச் சந்தேகம்.

ஸ்ரீவர்ஷினி குழாயைத் திறந்துவிட்டாள். அண்டாவில் தண்ணீர் கொட்டியது. 62. கொஞ்ச நேரத்தில் 61.

"மூடு, மூடு! குறையுது பாரு!" என்று பதறினார் நாராயணசுவாமி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்ரீவர்ஷினிக்கு மனசு நிறைந்துவிட்டது.

அவர் ஏணியைச் சுவரோரம் படுக்கப் போட்டு, கழுவிய பாத்திரங்களை அதன்மேல் கவிழ்த்தார். பிறகு கூடையைப் பர்ஹீன் பக்கம் நகர்த்தினார்.

"கணக்குல வராததெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும்தான்."

பர்ஹீன் முக்கால் வடை ஒன்றை எடுத்து, ஒரே கடியில் அதைக் கால் வடை ஆக்கினாள்.