பழைய பேர்க்காரன்

மயக்கம் தெளிந்ததும் காம்சிங்கை முதலில் உறுத்தியது வெறும் மணிக்கட்டுதான். மனைவி லம்துவான் கட்டிவிட்ட வெள்ளை நூலை ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் கத்தரித்திருந்தாள். அப்போதே அவளிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"உயிரைக் கட்டி வச்ச நூலும்மா."

"ஊசி போடணுமே அண்ணே. பித்தப்பையை எடுத்ததும் அண்ணி வேற கட்டிவிடுவாங்க."

ஸ்பிரிட் வாடையும் எங்கோ டிக் டிக்கென்ற இயந்திரமும் குளிரும் சேர்ந்து அவனைச் சுற்றிக்கொண்டிருக்க, தான் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் கிறீச்சிட்டபடி கதவைத் தாண்டிப் போவதைக் கேட்டான். சத்தம் தூரத்தில் தேய்ந்தது. அவன் நகரவே இல்லை.

கொஞ்ச நேரம் தலை குழம்பும், பயப்படாதீங்க என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லியிருந்தார். மருந்துதான். வேறென்ன?

கதவுக்கு அப்பால் லம்துவானின் குரல் எழுந்தது. ஊர் வழக்கப்படி அவனுடைய உயிரை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள்.

"வசினோட உயிரே, வா! ஒட்டரிசிச் சோறு ஆக்கி வச்சிருக்கேன். அவிச்ச முட்டை கொண்டாந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போலாம்."

வசின். வயிற்றுவலி வந்ததும், ராசியில்லாத பெயர் என்று பிக்கு மாற்றி வைத்த புதுப் பெயர். பழையதை இனி வாயில் எடுக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். புதுப் பெயர் அவனுக்கு இன்னும் ஒட்டவில்லை. எழுந்து ஓட முயன்றான், முடியவில்லை. யாரையோ கூப்பிடுவது போல் இருந்தது.

"வா உயிரே... காம்..."

ஒரு சாண் முன்னால் இழுபட்டான்.

லம்துவான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வசின்! வசினோட உயிரே, வா!"

நின்றுவிட்டான். லம், பழைய பேரைச் சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு. நான் இங்கதான் இருக்கேன். கத்தினான். சத்தமே வரவில்லை.

அவனுக்குப் பின்னால், இருட்டு மூலையில், ஏதோ எழுந்தது. அவனை உரசிக்கொண்டு போனது. ஈர மண் வாடை.

வெளியே அவனுடைய குரலே கரகரத்தது.

"வந்துட்டேன்."

"அப்பாடா! பயந்தே போயிட்டேங்க. கையை நீட்டுங்க."

கதவிடுக்கில் தெரிந்தது. அவன் கை. அதில் லம்துவான் புது நூலைச் சுற்றுகிறாள், கண்ணீரும் சிரிப்புமாக. இறுக்கி முடிச்சுப் போடுகிறாள்.

"முட்டையைக் கையில வச்சுக்கிட்டா போதும். இப்பத் திங்கக் கூடாதாம்."

அறை விளக்கை யாரோ அணைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

அப்பால், ஓட்டோடு முட்டையை மெல்லும் சத்தம்.