இருபத்து நான்காவது மாமா

கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது.

"இந்த மாமா வந்தாலே இப்படித்தாம்மா ஆகுது," என்றாள் கயல்.

திரையில் இருபத்து மூன்று பேர் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து நான்காவதாக ஒரு கறுப்புக் கண்ணாடி மாமா. நெற்றி வந்தது, கண்ணாடி வந்தது, மூக்கு வரைக்கும் வந்து அப்படியே நின்றுபோனார். மவுஸை எப்படி ஆட்டினாலும் அம்பு அசையவில்லை.

அம்மா மாரீஸ்வரி பெருமூச்சு விட்டாள். காமயகவுண்டன்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள், பூப்பு விழா, கடைத் திறப்பு என்று பேனர்களுக்கு டிசைன் செய்து கொடுப்பது அவள் வேலை. இதுவரை எல்லாமே சின்னச் சின்ன பேனர்கள். இருபதடி நீளத்தில் ஒரு பேனர் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நாளைக் காலையில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சுருளிராஜன் வைக்கிற பேனர். சொந்தக்காரர்கள் நாற்பத்தொரு பேரின் முகமும் அதில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்பம் டவுனில் இருக்கும் அச்சுக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து சுருளிராஜனே வாசலில் வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி, எல்லாரும் ஏறிட்டாகளா?"

"இருபத்து மூணு பேரு ஏறிட்டாகண்ணே. கண்ணாடி போட்டவர வச்சா மட்டும் மிசின் நின்னு போகுது."

"யாரு, எங்க ஆண்டிபட்டி மச்சானா? அவரு வந்தா வீட்ல நாங்களே அப்படித்தான் நிப்போம்."

"படத்தயெல்லாம் சின்னதாக்கியும் பாத்துட்டேன். பேசாம ஒரு பத்துப் பேரக் கொறச்சுக்கலாமாண்ணே?"

சுருளிராஜன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"போன வருசம் ஒரு விசேசத்துல வருசநாட்டுச் சித்தப்பா படத்த விட்டுட்டோம். மனுசன் பந்தியில உக்காந்து, எலைய மடக்கி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. இன்னமும் பேசல. ஒருத்தர விட்டாலும் வம்பு தங்கச்சி. முடியலேன்னா இப்பவே சொல்லிரு, தேனியில குடுத்துக்கிறேன்."

"அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருவேண்ணே," என்றாள் அம்மா. அவர் போனபிறகு, "எப்படி முடிக்கப் போறேன்னுதான் தெரியல," என்றாள்.

கயல் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். ஒவ்வொரு படமாக ஏற ஏற, மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்றாவது முகத்திலேயே முக்கால்வாசியும் தாண்டி விளிம்பைத் தொட்டுவிட்டது.

"அம்மா, மெமரி பத்தலம்மா. திராட்சையத் தரம் பிரிக்கத் தார்ப்பாய் விரிக்கிறோம்ல, அது மாதிரிதான். நம்ம தார்ப்பாய் சின்னது. இருபத்து மூணு கூடைக்கு மேல கொட்டுனா எங்கிட்டுப் போகும்?"

தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா சீனிச்சாமி அப்படியே நின்றார். "அம்புட்டுத்தானா? தார்ப்பாயப் பெருசாக்கிட்டாப் போச்சு. கம்பத்துல கிடைக்கும்ல? இந்தா போய் வாங்கிட்டு வாரேன்."

அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஆயிரத்து ஐநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். "இதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது."

"அப்பா, எது பொருந்தும்னு பாத்துட்டு..." என்று கயல் தொடங்கும்போதே டிவிஎஸ் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மதியம் அப்பா சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. அதற்குள் பச்சை நிறத்தில் நீளமாக ஒரு பட்டை.

"உள்ளதுலயே புது மாடலா குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

கயல் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தாள். மெமரி செருக இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்றில் பழைய மெமரி. இன்னொன்று காலி.

காலிப் பள்ளத்தில் புதியதை வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் உட்காரவில்லை.

பழையதைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். அடிப்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரு வெட்டு இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று கொஞ்சம் தள்ளி இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இம்புட்டுக்காணும் இடிக்குதா? அந்த அரத்த எடுத்துட்டு வாத்தா. ரெண்டு ராவு ராவுனா ஒக்காந்துக்கும்."

அந்த வீட்டில் அரம் செய்யாத வேலை கிடையாது. கதவு இடித்தால் அரம். மோட்டார் புஷ் இறுகினால் அரம். குக்கர் மூடி சேராதபோதும் அரம்தான் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குக்கர் விசில் அடித்ததே இல்லை.

கயல் ஓடிப்போய் அரம் இருந்த டூல்ஸ் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏத்தா, எந்திரி."

"மாட்டேன். ராவிட்டா கடையில திரும்ப வாங்க மாட்டாகப்பா. அம்மா குடுத்த காசும் போயிரும், பேனரும் போயிரும்."

அப்பா மீசையைத் தடவினார்.

"மோட்டாருக்கு வாஷர் வாங்கப் போனா என்ன செய்வீக?" என்று கேட்டாள் கயல்.

"பழச எடுத்துட்டுப் போயிக் காட்டுவேன். அளவு தெரியணும்ல?"

"இதுக்கு ஏன் எடுத்துட்டுப் போகல?"

"இது கம்ப்யூட்டராச்சேத்தா," என்றார் அப்பா. பட்டையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அதுக்கும் அதே கணக்குத்தானா?" என்று கேட்டார்.

அடுக்களையில் அம்மா சிரிப்பது கேட்டது.

கயல் அம்மாவின் போனால் பெட்டியின் உட்பக்கத்தைப் படமெடுத்தாள். போர்டின் மேல் பொடி எழுத்தில் இருந்த பெயரையும் நம்பரையும் தெளிவாக எடுத்தாள். பழைய மெமரியைக் காகிதத்தில் சுற்றி, புதியதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். வண்டியில் அப்பாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கம்பத்தில் அந்தக் கடையை நடத்துவது ஜெபஷீலா என்கிற அக்கா. ஒரு பிரிண்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"எந்தக் கம்ப்யூட்டருக்குன்னு காலையிலயே கேட்டேன்லண்ணே. வீட்டுக் கம்ப்யூட்டருக்குன்னு சொன்னீக."

"வீட்லதான இருக்கு," என்றார் அப்பா.

ஜெபஷீலா அக்கா அப்பா நீட்டிய பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளை. போன மாசம் ஒருத்தர் இத அரத்தால ராவிக் கொண்டாந்தாரு."

அப்பா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

கயல் பழைய மெமரியைப் பிரித்துக் காட்டினாள். "அக்கா, இதே வெட்டு உள்ளது வேணும்."

"அப்படிச் சொல்லு. இது முந்தின மாடல். புதுசும் இருக்கு, கழட்டுனதும் இருக்கு." அக்கா கண்ணாடி மேசை மேல் இரண்டை வைத்தார். "இது நாலு ஜிபி. பழசுதான், அறுநூறு ரூவா. இது எட்டு ஜிபி. புதுசு, ஆயிரத்து நானூறு."

"எட்டயே குடுங்க," என்றார் அப்பா. "மெமரி வெல ஏலக்கா மாதிரி ஏறுதுன்னு சொன்னீகள்ல. பெருசா எடுத்துப் போட்டுருவோம்."

கயலுக்கும் எட்டுதான் பிடித்திருந்தது. பளபளவென்று இருந்தது. ஆனாலும் போனை நீட்டினாள்.

"அக்கா, இதுதான் எங்க போர்டு. இது எட்ட ஏத்துக்குமா?"

அக்கா நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் கம்ப்யூட்டரில் தேடினார். பிறகு எட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

"ஏத்துக்காது. ஒரு பள்ளத்துக்கு நாலுதான். ரெண்டு பள்ளமும் சேந்தா எட்டு. நாலு போதும். உங்ககிட்ட இருக்கிற ரெண்டோட சேத்து ஆறாயிரும். நீ கேக்காம இருந்தா உங்கப்பா மூணாவது தடவயும் வந்திருப்பாரு."

"பெட்ரோலுக்கே சரியாப் போயிருக்கும்," என்றார் அப்பா.

"அக்கா, அது பழசுதான? இங்கனயே போட்டுப் பாத்துத் தருவீகளா?"

ஜெபஷீலா அக்கா நாலு ஜிபியைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகிப் போட்டார்.

பீப். பீப். பீப். திரை கறுப்பாகவே இருந்தது.

அழிரப்பரால் பட்டையின் பொன்னிற விளிம்பைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பீப். பீப். பீப்.

"இது செத்துப்போச்சு," என்று அதைக் குப்பைக்கூடையில் போட்டார். "நானும் பாக்காமக் குடுத்திருப்பேன், பாப்பா."

மணி மூன்றரை ஆகிவிட்டது. அக்கா அலமாரியில் தேடித் துழாவி இன்னொரு பழைய நாலை எடுத்துச் செருகினார். இந்தத் தடவை சத்தமே இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஒரு மாசத்துக்குள்ள ஏதாவதுன்னா கொண்டா, மாத்தித் தாரேன்," என்றார் அக்கா. மீதிப் பணத்தை எண்ணிக் கயல் கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. பழையதை அதன் இடத்தில் வைத்தாள். வாங்கி வந்ததைக் காலிப் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். இரண்டு பக்கமும் 'டிக்' என்றது. எதையும் ராவ வேண்டியிருக்கவில்லை.

அம்மா பேனரைத் திறந்தாள். மூன்று பேரும் திரைக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கறுப்புக் கண்ணாடி மாமாவின் நெற்றி வந்தது. கண்ணாடி வந்தது. மூக்கு வந்தது. அப்பா, "வா மச்சான், வா," என்று முணுமுணுத்தார். மீசை வந்தது. வெள்ளைச் சட்டைக் காலர் வரைக்கும் முழுதாக வந்துவிட்டார்.

இருபத்தைந்து. இருபத்தாறு. குமுளி மலை ஏறுகிற பஸ் மாதிரி மெதுவாகத்தான் போனது. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. வருசநாட்டுச் சித்தப்பா முப்பதாவதாக ஏறினார். நாலே முக்காலுக்கு நாற்பத்தோராவது முகமும் ஏறிவிட்டது.

அம்மா அனுப்பப் போகும்போது போன் அடித்தது. சுருளிராஜன்தான்.

"தங்கச்சி, இன்னும் ஒரே ஒரு ஆளு."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "யாருண்ணே?"

"எங்க காளை. மூணு வாடிவாசல்ல யாரு கையிலயும் சிக்காதவன். நாளைக்குச் சீர் கொண்டுபோறப்ப அவந்தான் முன்னால நடக்கப் போறான். படம் அனுப்பிருக்கேன், பாத்துக்க."

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "கயலு, தாங்குமாடி?"

கயல் மெமரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள்.

"காளையத் தாங்கும்மா. கொம்புக்குத்தான் இடம் பாக்கணும்."

அம்மா சிரித்துக்கொண்டே எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி நிற்க வைத்தாள். ஐந்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போது, நாற்பத்தொரு பேரும் ஒரு காளையும் ஒன்றாகக் கம்பத்துக்குக் கிளம்பிப் போனார்கள்.