நட்சத்திரங்களுக்கு நடுவே நின்ற வண்டி

எண்பத்திரண்டாம் வருடத்து ஐப்பசி மழையில், சங்ககிரியைத் தாண்டியதும் சேலம் பஸ் ஒரு பிரேக் போட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கும் அத்தைக்காகச் செல்வமேரி கொண்டுபோன மிளகு ரசம், ஒரு விண்மீன் மண்டலத்தின் மேல் கவிழ்ந்தது.

மண்டலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாகப்பனின் மடியில், சார்ட் அட்டையில் இருந்தது. பாலிடெக்னிக் கண்காட்சிக்காக அவன் நான்கு மாதமாக வரைந்த விண்வெளிப் போர் விளையாட்டு. கோபமாக நிமிர்ந்தான். வெளியே மழை... உள்ளே மழைக்கு முந்திய மேகம் போல இரண்டு கண்கள்... அவையும் கோபமாகத்தான் இருந்தன. மூன்று பேர் சீட்டில் ஒருத்தன் வானத்தை விரித்தால் ரசம் வேறு எங்கே கொட்டுமாம்.

தாவணியால் துடைத்தபடியே அவள் அட்டையில் எழுதியிருந்த பயண விதிகளைப் படித்தாள். ஒரு கட்டம் நகர ஒரு சட்டைப் பொத்தான் எரிபொருள். கிளம்பிய கப்பல் நடுவழியில் திரும்பக் கூடாது. எரிபொருள் தீர்ந்து நிற்கும் கப்பலை, அந்த வழியே வருகிறவர் கொள்ளையடிக்கலாம்.

துடைத்த கை நின்றது.

"ஏனுங்க, இதை எழுதுனது மனுசன்தானுங்களா?"

அவள் அப்பா பாக்கியநாதன் லாரி டிரைவர். போன வருடம் தொப்பூர் மலையில் அச்சு முறிந்து நின்றவரை, வழியில் வந்த டிரைவர்கள்தான் சோறு போட்டு, சாமான் கொடுத்துக் கரையேற்றினார்கள். நின்ற வண்டியைத் தாண்டிப் போகிறவன் லாரிக்காரனே இல்லை என்று பொரிந்தாள்.

"இது போருங்க... லாரி ஆபீஸ் இல்லீங்க."

சேலம் வரை அவள் அப்புறம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும் சார்ட்டின் மூலையில் இருந்த கண்காட்சித் தேதியை முறைத்தாள். அந்தக் கண்களை மறுபடி பார்க்காவிட்டால் சோறு இறங்காது என்று யாகப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் விதியை மாற்றவில்லை. கௌரவம் என்று சொல்லிக்கொண்டான்.

கண்காட்சிக்கு வந்தாள். வணக்கம்கூட வைக்காமல் எதிரே உட்கார்ந்து, அவன் படைகளைக் கிரகம் கிரகமாக நசுக்கினாள். கடைசியில் அவனுக்கு ஒரே கப்பல். அதுவும் எரிபொருள் தீர்ந்து நடு வானத்தில் நின்றது. பின்னாலேயே அவள் கப்பல். கொள்ளையடித்தால் ஆட்டம் முடிந்தது. தான் செய்த விளையாட்டிலேயே தோற்றவன் என்று கல்லூரியே சிரிக்கும். சுற்றி நின்ற பையன்கள் கொள்ளையடிக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

அவள் கப்பலை நிறுத்தினாள். தன் பொத்தான்களில் பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

"பிச்சை வேண்டாமுங்க. விதிப்படி எடுத்துக்குங்க," பல்லைக் கடித்தான் யாகப்பன்.

"பிச்சை இல்லீங்க. எங்க ஊட்டுப் பழக்கம். புடிக்காதவன் வண்டின்னாலும் நிறுத்தித்தான் ஆகோணும்."

அவன் பேனாவை எடுத்து அந்த விதியை அடித்த வேகத்தில் அட்டை கிழிந்தது.

"இப்பச் சந்தோசமுங்களா?" கோபமாகத்தான் ஆரம்பித்தான். "அன்னைக்கே இந்த விதியை அடிச்சிருப்பேன்... அடிச்சுட்டா நீங்க சண்டைக்கு வரமாட்டீங்களேன்னு... எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க."

பையன்கள் ஒருமனதாகக் கூரையைப் பார்த்தார்கள். செல்வமேரியின் முகம் சிவந்தது. அது எந்த வகைச் சிவப்பு என்று பாலிடெக்னிக்கில் சொல்லித் தருவதில்லை.

"எனக்குக் கோவம் தீரலைங்க," என்றாள்.

"எப்பத் தீருமுங்க?"

அவள் எழுந்து, தாவணியைச் சரிசெய்துகொண்டு, கதவுப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"கண்ணாலம் முடிஞ்சாலும் தீராதுங்க."