உப்புப் படியாத தரை

தேனாம்பேட்டையில் உள்ள துப்பறிவாளர் ஷரஃபுதீனின் அலுவலகத்துக்கு வந்த சிம்ரா, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கொலை நடந்திருக்கு சார். செத்தது கோடிக்கணக்கான உயிர்," என்றாள்.

வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் அவரிடம் துப்பறிய வந்து சேர்ந்திருந்த கீர்த்தி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். ஷரஃபுதீன் நிதானமாகத் தண்ணீர் நீட்டினார்.

சிம்ரா தரமணியில் ஆராய்ச்சி செய்பவள். பாலவாக்கத்துக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையின் உப்புக் கழிவுநீர்க் குளத்தில் டீசல் கசிந்து கலந்திருந்தது. சாதாரணக் கிருமிகள் அத்தனை உப்பில் சுருண்டு செத்துவிடும். உப்பில்லாவிட்டால் வாழவே முடியாத ஓர் இளஞ்சிவப்பு நுண்ணுயிரை அவள் கண்டெடுத்திருந்தாள். அது டீசலைத் தின்னும். மறுநாள் அதிகாரிகள் முன்னிலையில் குளத்தில் சோதனை. தோற்றால் ஆலை அந்த நீரைக் கடலுக்குத் திறந்துவிடும். அனுமதிக்காக டெல்லியில் சில வாரங்கள் அலைந்து அன்று காலை திரும்பியவள் கண்டது, உடைந்து கிடந்த ஜாடியைத்தான். மறுபடி வளர்க்க மாதக்கணக்காகும்.

சிம்ராவைத் தவிர ஆய்வுக்கூடத்தின் சாவி இருவரிடம்தான் இருந்தது. ஒருவன் ஹரி, சிம்ராவோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்த சக ஆய்வாளன். மற்றவர் பண்டகக் காப்பாளர் நாகராஜ். அவர் வீடு அந்தக் குளத்துக்குப் பக்கத்தில்.

மூவரும் தரமணிக்குப் போனார்கள். ஹரி கேள்விகளுக்கு எரிச்சலோடு பதில் சொன்னான். எல்லாம் செத்துவிட்டது, இனி பேசி என்ன பயன் என்றான். நாகராஜ் வாசலிலேயே நின்றார். அவருடைய கறுப்புத் தோல் செருப்பின் ஓரங்கள் வெளுத்திருந்தன.

"மேடம் கஷ்டம் வீணாப் போவாது சார். அது நல்லா வேலை செய்யுது," என்றார்.

ஷரஃபுதீன் குனிந்து தரையைப் பார்த்தார். காய்ந்த இளஞ்சிவப்புக் கறையை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

வெளியே வந்ததும் கீர்த்தி அடக்கமாட்டாமல், ஹரிதான் குற்றவாளி என்று அடித்துச் சொன்னாள். ஷரஃபுதீன் தலையசைத்து மறுத்தார். பிறகு எல்லாரையும் அந்த அறைக்குள்ளேயே வரச் சொன்னார்.

"ஜாடியில இருந்தது கடலைவிடப் பல மடங்கு உப்பு. அது கொட்டிக் காய்ஞ்சா தரையில வெள்ளையா படிஞ்சிருக்கணும். இங்க பொடி உப்புகூட இல்ல. கொட்டினது சாயத் தண்ணி. அப்போ கொலை நடக்கல. யாரோ உயிரோட எடுத்துட்டுப் போயிருக்காங்க."

சிம்ரா குனிந்து தானும் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாரும் செத்துப்போச்சுன்னாங்க. ஒருத்தர் மட்டும் வேலை செய்யுதுன்னு சொன்னார். உப்புத் தண்ணி காய்ஞ்ச வெளுப்பு அவர் செருப்புலதான் இருக்கு. நாகராஜ், குளத்துல எப்போ ஊத்தினீங்க?"

நாகராஜ் மறுக்கவில்லை. டீசல் நாற்றத்தில் தன் மனைவி மூச்சுவிட முடியாமல் தவிப்பதைச் சொன்னார். அனுமதி வருமென்று காத்திருக்கப் பொறுக்கவில்லை. சிம்ரா டெல்லிக்குப் போனதும் ஜாடியில் இருந்ததைக் குளத்தில் ஊற்றிவிட்டு, அதே நிறத்தில் சாயத் தண்ணீரை நிரப்பி வைத்தார். தினமும் போய்ப் பார்த்தார். நாளைக்குச் சாயத் தண்ணீரோடு அவள் எல்லார் முன்னாலும் நிற்கப்போகிறாள் என்று உறைத்தபோது, பயந்து ஜாடியை உடைத்தார்.

"தப்புதான் மேடம். ஆனா நாத்தம் கொறஞ்சிகினே வருது."

சிம்ரா கையடக்க நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்; நாகராஜும் அவளோடு குளத்துக்குப் போனார்.

குளத்தின் பெரும்பகுதியில் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மின்னியது. நாகராஜ் காட்டிய மூலையில் மட்டும் படலம் கிழிந்து, இளஞ்சிவப்பு நீர் வெயிலில் துலங்கியது. சிம்ரா ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் அவள் வளர்த்ததைவிட அடர்த்தியாக நுண்ணுயிர்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. இங்கிருந்தே நாளைய சோதனைக்கு வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம்.

"நாளைக்கு அதிகாரிங்க முன்னாடி நடந்ததை நீங்களே சொல்லணும். வேலை போனாலும் போகும்," என்றாள் நாகராஜிடம்.

சொல்லிவிடுவதாக அவர் தலையாட்டினார்.

அவள் சற்று விலகி நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இத்துனூண்டா கீது?" என்றார் கடைசியில். "இதுங்களா இம்மாம் டீசலைத் துன்னுது?"