கையப் புடிச்சா நானு

காற்றே இல்லை. ஆனாலும் வெட்டி முடித்த கரும்புக் கொல்லையில் சோகை சரசரத்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியப்பன் காதைத் தீட்டிக்கொண்டார். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடந்த அந்தக் கரும்பிலைக்குள்ளே யாரோ குனிந்து நகர்வதுபோல, நின்று மூச்சு வாங்கி மறுபடி நகர்வதுபோல ஒரு சத்தம். வெட்டுவாயில் வடிந்த சாறு வெயிலில் புளித்து நாறியது.

அவருக்கு நடுக்குவாதம். மாத்திரை போட்டால் கை நிற்கும். ஆனால் போன தையிலிருந்து இல்லாத ஆட்களும் கூடவே வந்தார்கள். ஈர வேட்டியோடு, முகமே இல்லாமல், கட்டிலைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். அதில் ஒருத்தி அவர் பெண்டாட்டி குஞ்சம்மாளின் குரலிலேயே கூப்பிடுவாள். ஒருநாள் அவளை உலக்கையால் அடித்தார். ரத்தம் கொட்டியதோ நிஜமான குஞ்சம்மாளுக்கு.

நோயும் மாத்திரையும் சேர்ந்து செய்கிற வேலை இது என்றார் டாக்டர். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி” என்று மைத்துனன் சிரித்தான். அவனை வெட்டிப் போடலாம் போலிருந்தது கொளஞ்சியப்பனுக்கு. பட்டவனுக்கல்லவா தெரியும்!

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. நெற்றித் தையல் காயும் முன்னே ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்.

“யாரு கூப்ட்டாலும் பேசாதீங்க. நானா இருந்தா வந்து உங்க மணிக்கட்டப் புடிப்பேன். கையப் புடிச்சா நானு. புடிக்கலன்னா அங்க ஒண்ணுமே இல்ல. இன்னா, புரியுதா?”

அன்றிலிருந்து அவர் அவளை அடிக்கவில்லை. அந்த ஒரு நிம்மதியில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்றும் மாத்திரை கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கொல்லைக்குள் இறங்கினாள். “மாட்டுக்குக் கொழுந்தாடை பொறுக்கிக்கினு வரேன். நான் வந்தப்புறம் சோகையக் கொளுத்தலாம். இங்கியே குந்தினு இருங்க.”

சற்று நேரத்தில் கரும்பு நுனித் தழைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வூட்டுப் பக்கம் அவள் போனதைக் கண்ணால் பார்த்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

அப்படியானால் உள்ளே சரசரப்பது யார்?

சோகை மேடுகள் மெல்ல எழுந்தன. ஈர வேட்டிகள். ஒன்று. அப்புறம் நிறைய. வரப்பை நோக்கி ஊர்ந்தன. மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தார். குச்சிகள் நடுங்கி நடுங்கிக் கீழே விழுந்தன. அப்புறம் மாத்திரை பிடித்தது. கை நின்றது. காலும் பேச்சைக் கேட்டது. வழக்கம்போல நாலு வரப்பிலும் பற்றவைத்துக்கொண்டே போனார்.

தீ பனைமர உயரத்துக்கு எழுந்தது.

“ஐயோ! உள்ள இருக்கேங்க! இன்னாங்க!”

குஞ்சம்மாள் குரல். நடுக்கொல்லையிலிருந்து.

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். யாரும் பிடிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டார். பேசக்கூடாது.

குரல் இருமியது. அவர் பெயரைச் சொல்லி அலறியது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவளே இல்லை. இது அவள் இல்லை.

முடி கருகும் வாடை வந்தது. அந்த ஆட்களுக்கு இதுவரை வாடையே இருந்ததில்லை.

வூட்டுக்குப் போனவள் கையைப் பிடிக்கவில்லையே.

புகையைக் கிழித்துக்கொண்டு ஒன்று வந்தது. சேலை இல்லை. மயிர் இல்லை. முகமும் இல்லை. தவழ்ந்து வரப்பேறியது. தோல் உரிந்து தொங்கிய கையை நீட்டியது.

அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

பிடித்த கை நடுங்கியது. அவருடையது நடுங்கவில்லை.