ஆமாஞ்சாமியின் காது

"சரிம்மா."

"என்ன சரி? குடையை எங்கே வெச்சேன்னு கேட்டேன்."

"ஆமாம்மா."

"குடை எங்கேன்னா ஆமாங்கிறியே! பஸ்லயே விட்டுட்டோமா?"

அம்மா குடை விரிப்பது போலக் கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் மகளுக்குப் புரிந்தது. அவள் அம்மாவின் முழங்கையைச் சுட்டிக் காட்டினாள். குடை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்போ இங்கே வந்துச்சு?" என்று அம்மா குடையிடமே கேட்டாள்.

மகளுக்குப் பத்து வயது. அண்ணன் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆமாஞ்சாமி. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதால் காது சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு என்னவோ தலைக்குள் ஒரு மீன்தொட்டி இருப்பது போலவும், எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போலவும் இருக்கும். "என்னது?" என்று கேட்டால் வகுப்பில் சிரிக்கிறார்கள். தலையாட்டினால் யாரும் சிரிப்பதில்லை.

காது டாக்டரின் காத்திருப்பு அறையில் 'அமைதி' என்று ஒரு பலகை மாட்டியிருந்தது. அதனால் அங்கே எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். காது கேட்காதவர்கள் வருகிற இடத்தில் இது என்ன பழக்கமோ!

எதிரே ஒரு ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. அவருடைய நாற்காலிக்கு அடியில் அவர் மகன் பட்டாணி. ஐந்து வயது இருக்கும். நாற்காலிக் காலை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தான்.

டாக்டர் முகக்கவசத்தோடு வெளியே வந்தார். ஊசி குத்துகிற அக்குபங்சர் புள்ளிகளில், ஊசிக்குப் பதிலாகப் பேனா போன்ற கருவியால் லேசர் காட்டுவது அவருடைய வைத்தியம். லேசர் என்றால் பிள்ளைகள் சினிமாத் துப்பாக்கியை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று, அதற்கு ஓர் அழகான சொல்லைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்.

"ஊசியே கிடையாது ராஜா. வெறும் ஒளி! காதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஒளி, கையில கொஞ்சம் ஒளி. ரெண்டே நிமிஷம்!"

பட்டாணி வீரிட்டு அழுதான்.

"ஒளிதான்டா! அப்பா பக்கத்துலயே இருக்கேன். நல்ல ஒளிடா!" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அவன் இன்னும் பலமாக அழுதான். ஒரு செருப்பு கழன்று உருண்டது.

"போன ரெண்டு தடவையும் இப்படித்தான் திரும்பிப் போனோம் டாக்டர்" என்றார் அவர். "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்னு பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. இங்கே வந்தா இப்படி நடுங்கறான். இனிமே நான் கூட்டிட்டு வரலை."

ஆமாஞ்சாமிக்கு இதில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதும். டாக்டரின் அந்த அழகான சொல் மீன்தொட்டிக்குள் எப்படி வந்து விழும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் தன் குட்டும் உடைந்துவிடுமே!

அவள் கழன்ற செருப்பைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"டாக்டர், அவன் காதுல ஒளின்னு விழலை. வலின்னு விழுது."

அறை நிஜமாகவே அமைதியானது.

"ரெண்டு நிமிஷம் வலின்னு கேக்குது. அவங்கப்பா வேற 'நல்ல வலிடா'ங்கிறாரு."

"ஐயையோ!" ரொட்டிக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மூக்கில் மாவு ஒட்டியது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

அம்மா சட்டென்று திரும்பினாள். "அப்போ முதல் நாள்... வலிக்கும்னு நினைச்சுக்கிட்டேவா உள்ளே போனே? சரி சரின்னு தலையாட்டினியே கண்ணு!"

ஆமாஞ்சாமி தலையாட்டினாள். இந்த முறை கேள்வி முழுதாகக் கேட்டிருந்தது. குடை கீழே விழுந்தது. அம்மா அவளை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

அவள் மெல்ல விடுவித்துக்கொண்டு, பட்டாணிக்குத் தன் முகம் தெரியும்படி தரையில் உட்கார்ந்தாள்.

"லைட்டு!" என்று கத்தினாள். மேலே எரிந்த விளக்கைக் காட்டினாள். "டார்ச் லைட்டு!"

அழுகை நின்றது. "டார்ச்சா? வலிக்காதா?"

"வலிக்காது. பெரிய பச்சைக் கண்ணாடி தருவாங்க. போட்டா தவளை மாதிரி இருப்போம்."

பட்டாணி யோசித்தான். "நீ முதல்ல."

உள்ளே, லேசர் கண்ணில் படாமலிருக்க டாக்டர் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி கொடுத்தார். பேனா ஆமாஞ்சாமியின் காதுக்குப் பின்னால் தொட்டது. பட்டாணி அவள் முகத்துக்கு மிக அருகில் வந்து, எங்காவது வலி தெரிகிறதா என்று தேடினான்.

"அக்கா தவளை. அப்பா குண்டுத் தவளை" என்று முடிவு சொல்லிவிட்டு, தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

"இதுல சரியாயிடுமா டாக்டர்?" குண்டுத் தவளை மெல்லக் கேட்டது.

"சில பிள்ளைங்களுக்கு உதவலாம், சிலருக்கு உதவாமலும் போகலாம். நீர் தானாவே வடியறதும் உண்டு. கொஞ்ச நாள் பார்த்துட்டு, திரும்பக் காதைச் சோதிச்சு முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். "முதல்ல அந்த அமைதிப் பலகையைக் கழட்டுங்க."

அம்மாவும் மகளும் கிளம்பி வாசலுக்கு வந்தபோது பட்டாணி ஓடி வந்தான். ஆமாஞ்சாமியின் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக என்னவோ ரகசியம் சொன்னான். மீன்தொட்டியில் தண்ணீர் அலம்பியது. அவ்வளவுதான் கேட்டது.

அவள் தலை தானாகவே 'சரி' என்று ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினாள். முட்டி போட்டு, அவன் வாயைப் பார்த்தபடி கேட்டாள்:

"எனக்குச் சரியாக் கேக்கலைடா. இன்னொரு தடவை சொல்றியா?"